பாப்பா படித்த முகம்

அண்ணே,

ஆவணி ஏழு, வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பத்திரண்டு. வேடசந்தூர் மில்லில் முதல் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர். அதில் நீயும் ஒருத்தன்.

வாசலில் இருக்கும் முகப்பதிவு மெஷின் இரண்டு நாளாகத் தகராறு செய்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போனேன். பஞ்சுத் தூசியைத் துடைத்து, கேமராவைக் கழற்றி மாட்டி, சரியாகிவிட்டதா என்று பார்க்க என் முகத்தையே காட்டினேன். வெளியாள் முகம் என்றால் சிவப்பு எரிய வேண்டும். பச்சை எரிந்தது. உன் பெயரும் டோக்கன் நம்பரும் திரையில் வந்தன. உள்ளிருக்கும் அந்தப் பெண் குரல் "நன்றி" என்றது.

டைம் ஆபீஸ்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, அண்ணன் ஆஜர்னு வருதுப்பா" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தில் தேடிக்கொண்டே சொன்னார்.

நீ போய் எட்டு மாதமாகிறது. யாரும் உன்னை அதிலிருந்து எடுக்கவில்லை. நான் எடுத்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். அந்த மெஷினை அங்கே மாட்டியவனும் நான்தான். முதல் முகமாக உன்னுடையதைத்தான் பதிந்தேன். "செத்த நேரம் சிரிக்காம நில்லுண்ணே" என்று அதட்டினேன். உன்னால் முடியவில்லை. எத்தனை தடவை எடுத்தும் வாயோரத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

மெஷினிலிருந்து உன்னை எடுக்க ஒரு நிமிடம் ஆனது. வீட்டில் அது நடக்கவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் மகளைப் பற்றி.

நம் இரண்டு பேருக்கும் ஒரே முகம். பாலிடெக்னிக் சேர்ந்த வருஷமே நான் தாடி வளர்த்ததற்கு வேறு காரணம் கிடையாது. தெருவில் போகிறவன் எல்லாம் உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவதை நிறுத்த வேண்டியிருந்தது. "தாடிக்குள்ள போயி ஒளிஞ்சாலும் நீ என் ஜெராக்ஸ்தாண்டா" என்பாய். எரிச்சலாக வரும்.

உனக்குக் கொள்ளி வைத்தது நான்தான். உனக்கு மகன் இல்லை, நமக்கு அப்பா இல்லை. சுடுகாட்டில் தலையோடு சேர்த்து மீசை தாடி எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படியோரம் கால் கழுவும்போது அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அலறிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். கிட்டே வந்து என் தாடையைத் தடவினாள். "கொஞ்ச நாளைக்கு இப்பிடியே இருப்பா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்கிறேன். தலைமுடியும் உன்னுடையது போலவே வளர்ந்துவிட்டது. மில் மெஷின் ஏமாந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

பாப்பாவுக்கு அப்போது இரண்டரை மாதம். யார் சிரித்தாலும் சிரிக்கிற பருவம். ஆனால் சிரிப்பு என்றால் என்ன என்று தெரியாத பருவமும் அதுதான். முகம் என்றால் அவளுக்கு இரண்டு கண், ஒரு வாய், ஓர் அசைவு. புருவம் இப்படிப் போனால் அடுத்து என்ன நடக்கும், வாய் இப்படிக் கோணினால் என்ன நடக்கும் என்பதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் பிள்ளைகள் கற்கின்றன. எனக்கு இதெல்லாம் தெரியாது. பல் முளைப்பது போல அதுவும் தானாக வந்துவிடும் என்று நினைத்தவன் நான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பச்சப்புள்ள முன்னாடி அழாதீங்க. அம்மா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். மதினி அழ வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். அம்மா மொட்டை மாடிக்குப் போவாள். நான் எங்கும் போகவில்லை, எனக்கு அழுகையே வரவில்லை. பாப்பா முன்னால் நாங்கள் மூன்று பேரும் பூசிய சுவர் மாதிரி உட்கார்ந்திருப்போம். அழுகையை அடக்கினால் மற்றதும் சேர்ந்து அடங்கிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் யாருமே கோபப்படவில்லை, பயப்படவில்லை, வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எல்லோரும் பாப்பாவைப் பார்த்து உதட்டை மட்டும் இழுப்போம்.

அந்த வீட்டில் உயிரோடு இருந்த ஒரே முகம் உன்னுடையதுதான். போனுக்குள்.

நீ மில் கேன்டீனில் எடுத்து அனுப்பிய வீடியோ. இரண்டு ஷிஃப்டு சேர்த்துப் பார்த்த வாரம், மகள் முழித்திருக்கும்போது உன்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால் எடுத்தாய். ஒரு நிமிடம்கூட ஓடாது. "ஏ பாப்பா... அப்பா எங்க? அப்பாவக் காணோமே..." என்று உள்ளங்கையால் முகத்தை மூடுவாய். கையை எடுப்பாய். புருவம் ஏறிக் கண் விரிந்து வாய் திறந்திருக்கும். "இந்தா இருக்கேன்." பிறகு கன்னத்தை உப்பி, காற்றை விட்டு, கடகடவென்று சிரிப்பாய். சிரித்து முடிக்கும் முன்பே யாரோ கூப்பிட்டது போல வலது பக்கம் திரும்புவாய். சிரிப்பு போய்விடும். அதோடு முடிந்தது.

பாப்பா சோறு தின்னத் தொடங்கியதும் மதினி அதைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். அப்பாவை மறந்துவிடக் கூடாது என்பது ஒன்று. வாயைத் திறக்கிறாள் என்பது இன்னொன்று. பருப்புச் சோறு ஒரு வாய், நீ ஒரு தடவை. இந்தக் காலத்தில் போன் இல்லாமல் சோறு தின்னும் பிள்ளை எது? நானும் குறை சொல்லவில்லை. நானே அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து கொடுத்தேன்.

முதலில் கவனித்தது ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, அவளுக்கு எதிரே சும்மா உட்கார்ந்தேன். பேசவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. பாப்பா என் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ரோட்டைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. கொஞ்ச நேரம் போனது. திடீரென்று குலுங்கிச் சிரித்தாள். நான் ஒன்றுமே செய்யவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாக வலது பக்கம் தலையைத் திருப்பி, உன் சாப்பாட்டுப் பை தொங்குகிற மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு முதுகு சில்லிட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சில்லிட்டது.

அடுத்தடுத்த நாள்களிலும் அதுதான். என்னைப் பார்ப்பாள், காத்திருப்பாள், சிரிப்பாள், மூலைக்குத் திரும்புவாள். அம்மா உடனே முடிவு கட்டிவிட்டாள். "ஏலே, அவன் வந்துட்டுப் போறான். புள்ளைக்குத் தெரியுது, நமக்குத்தான் தெரியல." அன்றிலிருந்து அந்த மூலையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கிறாள். நான் சும்மா இருப்பேனா? பாப்பாவைத் தூக்கிப் போய் அறையின் இன்னொரு ஓரத்தில், வேறு திசையைப் பார்த்து உட்கார வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். காத்திருந்தாள், சிரித்தாள், வலது பக்கம் திரும்பினாள். அங்கே மூலை இல்லை, திறந்த கதவுதான் இருந்தது. "பாத்தியா, மூலையும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றேன் அம்மாவிடம்.

"அப்ப வாசல்ல நிக்கிறான்" என்றாள் அம்மா.

மதினி சட்டென்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் திறந்து வைத்தார்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாப்பாவையும் பார்த்தேன். அவள் சிரிக்கும் இடம், நிறுத்தும் இடம், திரும்பும் பக்கம் எல்லாம் உன்னுடையவை. பாப்பாவைப் பொறுத்தவரை இந்த முகத்தின் குணமே அதுதான்: கொஞ்சம் பொறுத்தால் சிரிக்கும், பிறகு அந்தப் பக்கம் திரும்பும். நானும் இந்த முகத்தோடு வந்து உட்கார்கிறேன். என்னிடமும் அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியானேன்.

ஒன்று மட்டும் மிச்சமாக இருந்தது. உன்னை யார் கூப்பிட்டது? ஹெட்போன் போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கேட்டேன். மெஷின் இரைச்சல், தட்டுக் கழுவுகிற சத்தம், அவ்வளவுதான். உன் பெயர் எங்கேயும் இல்லை. அந்த ஷிஃப்டில் இருந்தவர்களைக் கேட்டேன். நான் கூப்பிடல, நான் கூப்பிடல என்கிறார்கள். அந்த வீடியோ எடுத்ததற்கு அடுத்த வாரம்தான் கரூர் ரோட்டில், விடியக்காலைப் பனியில் நின்றிருந்த லாரியில் நீ மோதினாய். இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கறி வாங்கிக்கொண்டு வருகிறேன். நம் தாடிக்கொம்பு ரோட்டு வீட்டின் படி உனக்குத் தெரியும். மாடி வாசலில் இருந்து நேரே தெருவுக்கு இறங்கும் சிமென்ட் படி, பிடிக்க ஒன்றும் கிடையாது. பாதிப் படி ஏறி நிமிர்ந்தால் மேல் வாசற்படியில் பாப்பா. தவழ்ந்து வந்திருக்கிறாள். அம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது, மதினி அங்கே.

பாப்பா ஒரு கையை வெளியே நீட்டியபடி நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பிற்பாடுதான் தெரியும், இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் கேட்கும் என்று. வாயால் கேட்கத் தெரியாது. ஒரு புது இடம், ஒரு பள்ளம் என்றால் தெரிந்த முகத்தைத் திரும்பிப் பார்க்கும். போகலாமா? அந்த முகத்தில் பயம் இருந்தால் நின்றுவிடும்.

என் முகத்தில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கத்தக்கூட வரவில்லை. கண் விரிந்து, வாய் திறந்து, புருவம் நெற்றிக்குப் போய்விட்டது.

பாப்பா சிரித்தாள். சந்தோஷம் தாங்காமல் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்து, இரண்டு கையையும் படிக்கு இறக்கினாள்.

கறிப் பை எங்கே விழுந்தது என்று தெரியாது. மூன்றாம் படியில் பிடித்தேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். என் தோளில் கிடந்தும் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுத் தலையைத் தூக்கி, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வலது பக்கம் திரும்பினாள். அங்கே வெற்றுக் காற்று, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன், அண்ணே. காரணம் கண்டுபிடித்தவன் நான். அப்படியும் பார்த்தேன்.

மறுநாளே டவுனில் குழந்தை டாக்டரிடம் போனோம். நம் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீடியோவையும் பார்த்துவிட்டு, "எங்க, நீங்க பயந்த மாதிரி மூஞ்சிய வைங்க" என்றார். வைத்தேன். மதினி மடியில் இருந்த பாப்பா சிரித்தாள், வலது பக்கம் திரும்பினாள். டாக்டரும் அந்தப் பக்கம் பார்த்தார். எடை பார்க்கும் மெஷின்தான் இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒளிஞ்சு வெளையாடுற மொகமும் நெசமா பயந்த மொகமும் பாக்க ஒண்ணுதாங்க" என்றார். "அடுத்து என்ன நடக்குதுன்னு பாத்துத்தான் புள்ள பிரிச்சுக்கும். இவளுக்கு எப்பவுமே அடுத்தது சிரிப்புத்தான் வந்துருக்கு. கூடக் கொறைய ஒரு தடவைகூட மாறல. வீட்ல யாரும் அழறதில்லையா?"

"இல்லை" என்றேன்.

"அழுங்க. போன மூடி வச்சிட்டு அவ எதுர்லயே அழுங்க. கோவம் வந்தா கோவப்படுங்க. அவளுக்குப் பதில் சொல்ற மொகம் வேணும். வயசு இருக்கு, சரியாயிரும்."

எனக்குப் புரிந்துவிட்டது. நூல் பார்க்கும் சென்சாராக இருந்தாலும் முகம் பார்க்கும் கேமராவாக இருந்தாலும் முதலில் காட்டிய மாதிரி தப்பென்றால் அப்புறம் வருவது எல்லாம் தப்பு. வீட்டுக்கு வந்ததும் வீடியோவை நிறுத்தச் சொன்னேன். மதினி பாப்பாவை இறுக்கிக்கொண்டார். "அத நிறுத்திட்டா இவளுக்கு அப்பா ஏது தம்பி?"

"அது அப்பா இல்ல மதினி. அது ஒரு ஃபைல்."

நான் இப்படித்தான் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். மதினிக்கும் தெரியும். தெரிந்தாலும் வலிக்கும் இல்லையா? அம்மா "நாக்குல நரம்பில்லாம பேசுறியேடா" என்று எழுந்து போனாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டது மட்டும்தான், பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மதினி யாரிடமும் சொல்லாமல் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, தட்டோடு வந்து உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். பாப்பா வாயைத் திறக்கவில்லை. தட்டைப் பார்த்தாள், மதினியின் வெறுங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

பிறகு அவளே தொடங்கினாள். இதை எப்படி எழுதுவது? அந்தச் சின்ன உள்ளங்கையைக் கொண்டுபோய் முகத்தில் வைத்தாள். எடுத்தாள். புருவம் ஏறியது, கண் விரிந்தது, வாய் திறந்தது. கன்னத்தை உப்பினாள். உன் கன்னம். காற்றை விட்டாள், சிரித்தாள், வலது பக்கம் திரும்பினாள். சிரிப்பு போயிற்று. நீ முழுதாக ஒருமுறை அவள் முகத்தில் ஓடி முடித்தாய். உடனே திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

அம்மா "முருகா" என்றாள், சத்தமே இல்லாமல்.

மதினி தட்டைக் கீழே வைத்தார். அவர் எழுந்து குளியலறைக்குத்தான் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அங்கேயே, பாப்பாவுக்கு நேராக, முகத்தை மூடாமல் அழுதார். எட்டு மாத அழுகை. வாய் கோணி, மூக்கு ஒழுகி, அசிங்கமாக. அம்மா பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டினாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாப்பா தன் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டாள். மதினியின் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், மறுபடி கண்ணை. ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். இது என்ன?

நான் பதில் சொல்ல வேண்டும். எதுவும் யோசிக்கவில்லை. தாடை முதலில் ஆடியது. கொள்ளி வைத்தபோது வராதது, கருமாதியில் வராதது, பருப்புச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். வலது பக்கம் திரும்பவில்லை. கீழுதடு மெல்ல முன்னால் வந்தது. பிறகு ஓவென்று அழுதாள். மதினி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, அழுகைக்கு நடுவிலேயே, "பயப்படாதடி. இதுதான் அழுக. அம்மா அழுறேன், அம்புட்டுத்தான்" என்றார். பிள்ளை அழுததற்காக நாங்கள் மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் மறுபடியும் இழவு வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நேற்று இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. பாப்பா கை நீட்டினாள், என்னைப் பார்த்தாள். நான் பயந்தேன். அவள் வாயோரம் சிரிப்புக்குத் தயாரானது. ஆனால் சிரிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது. என் முகத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவளுக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை. கடைசியில் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த தடவை இழுப்பாளா என்று எனக்குத் தெரியாது.

எனவே, இனி செய்ய வேண்டியவை:

1. படி வாசலுக்கு இரும்புக் கதவு. வெல்டர் அளவெடுத்துக்கொண்டு போனவன்தான், ஆளைக் காணோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டவில்லை என்றால் அவன் பட்டறையிலேயே போய் உட்காருவேன்.

2. வீடியோவை அழிக்க மாட்டேன். ஃபைல் என்று சொன்னதற்காக மதினியிடம் பேச வேண்டும். பாப்பா கேட்கிற வயதில் மதினியே அதைக் காட்டட்டும்.

3. உன்னை யார் கூப்பிட்டது என்று மில்லில் இனி எவனையும் கேட்பதில்லை.

4. தம்ளர் இருக்கட்டும். அது அம்மாவுக்கும் உனக்கும் நடுவில்.

5. தாடி வளர்த்துவிடலாம் என்று முந்தாநாள் வரை இருந்தேன். வளர்த்தால் பாப்பாவுக்கு ஒரு புதுச் சித்தப்பா கிடைப்பான், ஆனால் இந்த முகம் அவளுக்குள் தப்பாகவே நின்றுபோகும். அதனால் நாளைக்கும் சவரம் செய்வேன். இந்த முகம் பயப்பட்டால் நிஜமாகவே பயம் என்று அவள் கண்டுகொள்ளும் வரை செய்வேன். இனி உன் முகம் அழும், கோபப்படும், நடுங்கும். பொறுத்துக்கொள்.